தீம் அப்டேட் செய்ததும் திருத்தம் எல்லாம் போச்சு: சைல்டு தீமுக்கு மாறுவது எப்படி?

வண்ணத்துப்பூச்சி:
வணக்கம். வேர்ட்பிரஸ்ஸில் ஓடும் ஒரு தமிழ் இதழ்த் தளம். தீம் கிளாசிக் வகை, பிளாக் தீம் அல்ல. ஸ்டைல்.சிஎஸ்எஸ், ஹெட்டர்.பிஎச்பி இரண்டையும் தீம் ஃபோல்டருக்குள்ளேயே திருத்தி வைத்திருந்தோம். அப்டேட் கொடுத்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஹோஸ்டிங்கில் போன வாரத்து பேக்கப் இருக்கிறது.

பழைய ஃபோல்டரையே திரும்ப ஏற்றிவிடலாமா? சைல்டு தீம் (மூலத் தீமைத் தொடாமல் திருத்தங்களைத் தனியாக வைக்கும் துணைத் தீம்) ஒன்று செய்து பார்த்ததில், ஃபங்ஷன்ஸ்.பிஎச்பியை காப்பி செய்து போட்டவுடன் வெள்ளைத்திரைதான் வருகிறது. இன்னொன்று: தலைப்புகளில் 'ஸ்ரீ', 'கூ', 'றீ' போன்ற எழுத்துகள் மேலும் கீழும் வெட்டுப்படுகின்றன. இது தீமின் கோளாறா, எழுத்துருவின் கோளாறா?

சுத்தியல்:
முதல்ல வெள்ளைத்திரை. சைல்டு தீமில் வைக்கிற ஹெட்டர்.பிஎச்பி மாதிரி டெம்ப்ளேட் கோப்புகள் தாய்த் தீமின் (மூலத் தீமின்) கோப்புக்குப் பதிலா ஓடும். ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி மட்டும் அப்படி இல்லைங்க. சைல்டோடது முதல்ல ஓடும், உடனே தாயோடதும் ஓடும். முழுசா காப்பி அடிச்சா ஒரே ஃபங்ஷன் ரெண்டு தடவை அறிவிக்கப்படும், பிஎச்பி அங்கேயே படுத்துடும். எஃப்டிபி (சர்வருக்குக் கோப்பு அனுப்புற வழி) இல்லன்னா ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜர் வழியா அந்தக் கோப்பைக் காலி பண்ணுங்க, தளம் எழுந்துடும்.

சைல்டுக்கு ஸ்டைல்.சிஎஸ்எஸ், ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி ரெண்டு கோப்பு போதும். ஸ்டைல்.சிஎஸ்எஸ் தலையில் கமென்ட்டுக்குள்ள 'தீம் நேம்', 'டெம்ப்ளேட்' ரெண்டு வரி கட்டாயம். 'டெம்ப்ளேட்'டுக்கு எதிரே வர வேண்டியது தீமின் அழகான பெயர் இல்லை, தாய்த் தீமின் ஃபோல்டர் பெயர். லினக்ஸ் சர்வர்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் 'தாய்த் தீமைக் காணோம்'னு சொல்லிடும்.

அடுத்தது ஸ்டைலை ஏற்றுறது. இணையத்துல கிடைக்கிற ஏதோ ஒரு துண்டை அப்படியே ஒட்டாதீங்க. தாயின் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பியைத் திறந்து என்க்யூ_ஸ்டைல்னு (ஸ்டைலை ஏற்றச் சொல்ற கட்டளை) தேடுங்க. அங்க முகவரி எப்படி எழுதியிருக்குங்கறதைப் பொறுத்துதான் உங்க வேலை:

அ) கெட்_ஸ்டைல்ஷீட்_யூஆர்ஐ இருந்தா: சைல்டு ஆக்டிவ் ஆனதும் அது சைல்டின் கோப்பைத்தான் காட்டும். தாயின் சிஎஸ்எஸ் வராது, தளம் அம்மணமா நிக்கும். நீங்க ஏற்ற வேண்டியது தாயோடதை.

ஆ) கெட்_டெம்ப்ளேட்_டைரக்டரி_யூஆர்ஐ இருந்தா: தாயோடது தானா வரும். சைல்டோடதை நீங்க ஏற்றணும், தாயின் ஹேண்டிலை (அந்த ஸ்டைலுக்கு வச்ச அடையாளப் பெயர்) டிபென்டன்சியா, அதாவது முன்னாடி ஏற வேண்டியதா, கொடுத்து. அப்பதான் உங்க விதிகள் பின்னாடி வந்து ஜெயிக்கும்.

ஹேண்டில் பெயர் தாயோடதும் உங்களோடதும் ஒண்ணா இருக்கக் கூடாது. இருந்தா ரெண்டாவதா வர்றது சத்தமில்லாம விழுந்துடும், எரர்கூட வராது. வெர்ஷன் இடத்துல ஃபைல்எம்டைம் (கோப்பு கடைசியா மாறின நேரம்) போட்டுட்டா கோப்பைச் சேமிக்கிறப்ப எல்லாம் எண் மாறும், பிரவுசர் கேஷோட மல்லுக்கட்ட வேண்டாம். எல்லாம் முடிஞ்சதும் பக்கத்தின் சோர்ஸைப் பாருங்க: ரெண்டு ஸ்டைல்.சிஎஸ்எஸும் ஆளுக்கு ஒரு தடவை, தாய் முன்னே சேய் பின்னேன்னு இருக்கணும்.

மரப்பாச்சி:
பழைய ஃபோல்டரைத் திரும்ப ஏற்ற வேண்டாம். அப்டேட்டில் பாதுகாப்புத் திருத்தம் இருந்திருந்தால் அதையும் சேர்த்து இழப்பீர்கள். அடுத்த அப்டேட்டில் மறுபடி இதே கதை.

திருத்தங்களை மட்டும் பிரித்தெடுக்க வழி இருக்கிறது. பேக்கப்பில் உள்ள தீமின் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் தளத்தின் இலவசத் தீம் என்றால் பழைய வெர்ஷன்களும் அங்கே கிடைக்கும். டவுன்லோடு முகவரியின் கடைசியில் உள்ள எண்ணை மாற்றினால் போதும். அதே எண்ணுள்ள சுத்தமான பிரதியை இறக்கி, பேக்கப் ஃபோல்டரோடு வின்மெர்ஜ் என்ற கோப்பு ஒப்பீட்டு மென்பொருளில் ஒப்பிடுங்கள். நிறம் மாறித் தெரியும் வரிகள் மட்டுமே உங்கள் கைவேலை. சிஎஸ்எஸ் வரிகள் சைல்டின் ஸ்டைல் கோப்புக்குப் போகட்டும்.

ஹெட்டரில் சேர்த்தது அனலிட்டிக்ஸ் துண்டு போன்ற ஒன்றுதான் என்றால் ஹெட்டர்.பிஎச்பியை நகலெடுக்கவே வேண்டாம். டபிள்யூபி_ஹெட் ஹுக்கில் (பக்கத்தின் தலைப்பகுதியில் நம் துண்டைச் சேர்க்க வேர்ட்பிரஸ் தரும் இடம்) மாட்டினால் போதும். நகலெடுத்த கோப்பு அன்றைய தேதியோடு உறைந்துவிடும். தாய்த் தீமில் பின்னால் வரும் திருத்தம் எதுவும் அதற்கு வராது.

சைல்டை ஆக்டிவேட் செய்ததும் லோகோவும் நிறங்களும் காணாமல் போகும். பதற வேண்டாம். கஸ்டமைசர் (தீமின் தோற்றத்தை மாற்றும் பக்கம்) அமைப்புகள் தீமுக்குத் தீம் தனியாகச் சேமிக்கப்படுகின்றன: ஆப்ஷன்ஸ் டேபிளில் 'தீம்_மாட்ஸ்_' என்பதோடு ஃபோல்டர் பெயர் ஒட்டிய வரிசை. 'கூடுதல் சிஎஸ்எஸ்' பெட்டியும் அப்படித்தான், ஆகவே அதில் இருப்பதை முன்கூட்டியே ஒரு நோட்பேடில் எடுத்து வையுங்கள். பத்துப் பன்னிரண்டு அமைப்புதான் என்றால் கையால் மறுபடி வைப்பதே நல்லது. டேபிளில் நகலெடுப்பதென்றால் மதிப்பை முழுதாக, ஓர் எழுத்தும் மாற்றாமல் எடுங்கள். அது சீரியலைஸ் செய்யப்பட்ட தரவு. ஒவ்வொரு சரத்துக்கும் பைட் நீளம் எழுதப்பட்டிருக்கும், ஒரு பைட் பிசகினாலும் மொத்தமும் படிக்க முடியாததாகிவிடும்.

மைக்கூடு:
எழுத்து வெட்டுப்படுவதற்கு எழுத்துருவைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான தீம்கள் லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்துத் தலைப்புக்கு லைன்-ஹைட் (வரி உயரம்) 1.1, 1.2 என்று வைக்கின்றன. தமிழில் 'றீ'யின் சுழி மேலே ஏறும், 'கூ'வின் வால் கீழே இறங்கும். தலைப்புக்கு 1.45, உடல் எழுத்துக்கு 1.75 என்று தொடங்கிப் பாருங்கள். தலைப்பை இரண்டு வரியில் நிறுத்த லைன்-கிளாம்ப் போட்டிருந்தால் அதனோடு வரும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (பெட்டிக்கு வெளியே வருவதை மறைக்கும் விதி)தான் கத்தரிக்கோல். அங்கே பேடிங் கூட்டினால் மூன்றாம் வரியின் கொம்பு எட்டிப் பார்க்கும். லைன்-ஹைட்டைத்தான் கூட்ட வேண்டும்.

தலைப்புக்கு லெட்டர்-ஸ்பேசிங் (எழுத்து இடைவெளி) மைனஸில் இருந்தால் 0 ஆக்குங்கள். தீம் 700 எடை (தடித்த எழுத்து) கேட்டு, நீங்கள் 400 (சாதாரண எழுத்து) மட்டும் ஏற்றியிருந்தால் பிரவுசர் தானே எழுத்தைப் பருமனாக்கும். 'ண', 'ஞ' சுழிகள் அடைத்துக்கொண்டு மைக்கறை போலத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்த மலர் எல்லாவற்றிலும் 700 இருக்கிறது, அதையும் ஏற்றுங்கள். சாய்வெழுத்துக்கும் இதே நிலைமைதான்: தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் உண்மையான இட்டாலிக் கிடையாது, மேற்கோள் பகுதியில் ஃபான்ட்-ஸ்டைலை நார்மல் ஆக்கிவிடுங்கள்.

எழுத்துருவைச் சுருக்கிச் சொந்த சர்வரில் வைப்பதென்றால் யூனிகோடு வீச்சு 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை மட்டும் போதாது. 200சி, 200டி (எழுத்துகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் உதவும் கண்ணுக்குத் தெரியாத குறிகள்) இரண்டும் வேண்டும். சில சுருக்கிகள், எழுத்தும் குறியும் சேரும் வடிவங்களைச் சொல்லும் ஜிசப் அட்டவணையைத் தூக்கி எறிந்துவிடும். 'மூ' என்று ஒன்றாய் வர வேண்டியது ம தனி, குறி தனி என்று நிற்பதைப் பார்த்தால் காரணம் அதுதான்.

வண்ணத்துப்பூச்சி:
நன்றி. எங்கள் தீம் (அ) வகை. தாயின் சிஎஸ்எஸ்ஸை ஏற்றியதும் சரியாகிவிட்டது. தலைப்பு 1.45-இல் வெட்டுப்படவில்லை. கடைசியாக ஒன்று: 'சிறுகதை' பிரிவுக்கு மட்டும் வேறு பக்க அமைப்பு வேண்டும். ஸ்லக் (முகவரியில் வரும் பெயர்) தமிழில் இருக்கிறது, கோப்புக்கு என்ன பெயர் வைப்பது?

மரப்பாச்சி:
4.7 வெர்ஷனிலிருந்து தமிழ் ஸ்லக்கையே கோப்புப் பெயரில் வைத்தாலும் வேர்ட்பிரஸ் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஜிப் செய்து வேறு சர்வரில் பிரிக்கும்போது தமிழ்க் கோப்புப் பெயர்கள் சிதையக்கூடும். ஆகவே எண் போதும்: பிரிவைத் திருத்தும் பக்கத்தின் முகவரியில் டேக்_ஐடி என்று வரும் எண் 7 என்றால், தாயின் ஆர்க்கைவ்.பிஎச்பியை நகலெடுத்து கேட்டகரி-7.பிஎச்பி என்று சைல்டில் வையுங்கள். நிறம், இடைவெளி மட்டும் மாற்றுவதென்றால் கோப்பே தேவையில்லை. தமிழ் ஸ்லக் இருக்கும் பிரிவுப் பக்கத்தில் பாடி கிளாஸ் (பக்கத்தின் பாடி டேக்கில் வரும் அடையாளப் பெயர்) தானாகவே எண்ணுக்கு மாறி கேட்டகரி-7 என்று வரும். அதைப் பிடித்து சிஎஸ்எஸ் எழுதினால் முடிந்தது.