கல்வி பீட் நிருபர்களுக்கு ரெண்டு நாள் டிரெயினிங், எதை வைக்கிறது எதை விடறது?

மைக்குமைனா:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு நாளிதழ்ல வேலை பாக்கறேன், ஒண்ணரை வருஷமா கல்வி பீட், அதாவது கல்விச் செய்தியை மட்டும் பாக்கற பொறுப்பு, அதுக்கு முன்னாடி நாலு வருஷம் க்ரைம். போன வாரம் எடிட்டர் கூப்பிட்டு, கல்வி செய்தி எழுதுற ஆறு பேருக்கும் ரெண்டு நாள் டிரெயினிங் வைக்கப்போறோம், என்னென்ன வேணும்னு நீயே எழுதிக் குடுன்னுட்டாரு. ஆறு பேர்ல யாருமே இந்த பீட்டுக்குன்னு தயாராகி வந்தவங்க இல்ல, ஒருத்தர் ஸ்போர்ட்ஸ்ல இருந்து வந்தவர், ரெண்டு பேர் வேலைக்கே புதுசு, மத்தவங்க எந்த பீட்ல ஆள் கம்மியோ அங்க போறவங்க. எடிட்டர் மனசுல இருக்கறது நல்லா எழுதறது எப்படி, மொபைல்ல வீடியோ எடுக்கறது எப்படிங்கற மாதிரி கிளாஸ். எனக்கு அது சரியாப் படல.

ஏன்னு சொல்றேன். போன வருஷம் ஒரு ஸ்கூல் பத்தி தேர்ச்சி விகிதம் நல்லா ஏறியிருக்குன்னு எழுதினேன், தலைப்புலயே தரம் உயர்ந்ததுன்னு வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஒரு அம்மா போன் பண்ணி, எத்தனை பேர் பரீட்சை எழுதினாங்கன்னு கேட்டீங்களான்னாங்க. கேக்கல. விசாரிச்சா முந்தின வருஷம் 200 பேர் எழுதி 160 பேர் பாஸ், 80 சதவீதம். இந்த வருஷம் 170 பேர் எழுதி 150 பேர் பாஸ், 88 சதவீதம். பாஸ் ஆன புள்ளைங்க பத்து பேர் குறைஞ்சிருக்காங்க, நான் தரம் உயர்ந்துச்சுன்னு எழுதியிருக்கேன். அந்த அம்மாவோட பையன் எழுத விடாம நிறுத்தப்பட்டவங்கள்ல ஒருத்தன். அதுக்கப்புறம் நான் கல்வி செய்தி படிக்கற விதமே மாறிப்போச்சு.

கேள்வி இதுதான், ரெண்டே நாள்னா எதை வைப்பீங்க? இந்த பீட்ல இருந்தவங்க, வாத்தியாருங்க, யாரா இருந்தாலும் சொல்லுங்க.

பழையடெஸ்க்:
தம்பி, நீங்க சொன்ன அந்த போன் கால்லயே பாதி பாடத்திட்டம் இருக்கு. செய்தியைத் திருத்தி தலைப்பு போடற டெஸ்க்ல 22 வருஷம் இருந்தவன், கல்வி செய்தில நான் திருத்தின தப்புல பெரும்பங்கு மொழித் தப்பு இல்ல, வகுக்கற எண் எதுன்னு கேக்காம விட்ட தப்புதான். யாரை எண்ணினாங்க, யாரை விட்டாங்க, எந்த தேதில எண்ணினாங்க. இதை மொத நாள் காலைல வைங்க.

அதுல கண்டிப்பா வரவேண்டியது சிலது. சதவீதம் வேற, சதவீதப் புள்ளி வேற, 40ல இருந்து 44 ஆனா அது 4 புள்ளி ஏற்றம், 10 சதவீத ஏற்றம், ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டா அரசாங்கம் ஒண்ணு சொல்லும் எதிர்க்கட்சி ஒண்ணு சொல்லும் ரெண்டுமே சரியா இருக்கும். பர்சன்டைல்னா மார்க் இல்ல, நூத்துக்கு எத்தனை பேருக்கு மேல நிக்கறாங்கறது. அப்புறம் மொத்தச் சேர்க்கை விகிதம் 100க்கு மேல போகும், 104, 108ன்னு வரும், புது நிருபர் அதை அச்சுப்பிழைன்னு நெனச்சு 100ன்னு திருத்தி அனுப்பினதை நானே பாத்திருக்கேன். அந்த வகுப்புக்குரிய வயசைத் தாண்டினவங்க, வயசுக்கு முன்னாடியே சேந்தவங்க எல்லாரையும் மேல எண்ணிட்டு கீழ அந்த வயசுப் புள்ளைங்களை மட்டும் வெச்சு வகுக்கறதால அப்படி. நிகரச் சேர்க்கைல மேலயும் அந்த வயசுப் புள்ளைங்களை மட்டும்தான் எண்ணுவாங்க, அதனால அந்தப் பிரச்சினை இல்ல. இது தெரியாம எல்லாக் குழந்தையும் பள்ளிக்கு வந்தாச்சுன்னு தலைப்பு போட்டா அது பொய்.

அடுத்து பிசா. ஓஇசிடிங்கற பொருளாதார நாடுகள் அமைப்பு பல நாட்டுல நடத்துற தேர்வு, 15 வயசுப் புள்ளைங்களுக்கு, 2000ல ஆரம்பிச்சது. அப்ப முப்பது சொச்சம் நாடு, 2022ல 81. நல்லா மார்க் எடுக்கற நாடு புதுசா சேர்ந்தாலே ஒரு நாட்டோட இடம் கீழ போகும், மார்க் அப்படியே இருந்தாலும். அது எல்லாப் புள்ளைங்களுக்கும் இல்லாம கொஞ்சம் பேரை மட்டும் மாதிரியா எடுத்து நடத்துற தேர்வு, அதனால ரெண்டு நாட்டுக்கு நடுவுல மூணு நாலு மார்க் வித்தியாசம்னா அது வித்தியாசமே இல்லாமக்கூட இருக்கலாம், அறிக்கைலயே அதைப் போட்டிருப்பாங்க, ரேங்க் டேபிளை மட்டும் பாக்கறவங்க கண்ணுல படாது. டிம்ஸ், பெர்ல்ஸ்னு ரெண்டு சர்வதேசத் தேர்வு இருக்கு, அது வேற ஆளுங்க நடத்தறது, டிம்ஸ் 4, 8ம் வகுப்புக் கணக்கும் அறிவியலும், பெர்ல்ஸ் 4ம் வகுப்பு வாசிப்பு. இது மூணையும் ஒரே பத்தில கலந்து எழுதினா டெஸ்க்ல நான் திருப்பி அனுப்பிடுவேன்.

கரும்பலகை:
நான் ஸ்கூல் டீச்சர், பதினாறு வருஷமா. மேல சொன்னது எல்லாம் சரிதான் சார், ஆனா எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு சொல்லிடறேன். நிருபர்கள் எங்க ஸ்கூலுக்கு வர்றது வருஷத்துல ரெண்டு தடவை, ரிசல்ட் அன்னிக்கு ஒண்ணு, ஏதாவது கெட்டது நடந்தா ஒண்ணு. நடுவுல இருக்கற இருநூறு நாள்ல ஒரு வகுப்பறைக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்த நிருபர் யாரையும் எனக்குத் தெரியாது. உங்க டிரெயினிங்ல ஒரு முழு நாள் அந்த ஆறு பேரையும் ஆளுக்கொரு ஸ்கூல்ல கடைசி பெஞ்சுல உக்கார வைங்க, கேமரா வேணாம், பேட்டி வேணாம், காலைல மணி அடிக்கறதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் சும்மா உக்காந்து பாக்கணும். ஒரு பீரியட்ல உண்மையா பாடம் நடக்கற நேரம் எவ்வளவு, ஆசிரியர் எத்தனை தடவை வேற வேலைக்குக் கூப்பிடப்படறாங்க, பேசாமலேயே இருக்கற புள்ளைங்க எத்தனை பேர், இதெல்லாம் எந்த அறிக்கைலயும் வராது.

இன்னொண்ணு, ஹெட்மாஸ்டர் பக்கத்துல நிக்கறப்போ ஒரு புள்ளைகிட்ட மைக்க நீட்டி ஸ்கூல் எப்படி இருக்குன்னு கேக்காதீங்க. அது என்ன சொல்லும்? எங்களையும் அதே மாதிரித்தான், வேலை விதிமுறை இருக்கு, பேர் போட்டு பேச முடியாது, பேசலைன்னா ஆசிரியர்கள் கருத்து சொல்ல மறுத்துட்டாங்கன்னு எழுதறீங்க, அதைப் படிக்கறப்போ ரொம்ப வலிக்குது. எங்களோட எப்படிப் பேசறது, பேரை மறைச்சு எப்படி எழுதறதுன்னு தனியா சொல்லிக்குடுங்க. பாடத்திட்டம், பாடநூல், தேர்வுத்திட்டம் மூணும் வேற வேறங்கறதையும் சேத்துச் சொல்லுங்க, புத்தகத்துல ஒரு பாடத்தை எடுத்தா பாடத்திட்டமே மாறிடுச்சுன்னு செய்தி வருது.

எண்ணும்எழுத்தும்:
கரும்பலகை மேடம் சொன்ன ஒரு நாள் நல்ல யோசனை, ஆனா ஆறு பேர் ஆறு வகுப்பறையைப் பாத்துட்டு வந்து அதையே மொத்த நிலைமைன்னு எழுதற ஆபத்தும் இருக்கு. நான் ஒரு டேட்டா டீம்ல இருக்கேன். எண்ணை எடுத்து நோண்டத் தெரிஞ்ச நிருபர் என்ன பண்ண முடியும்ங்கறதுக்கு அமெரிக்காவுல அட்லாண்டாவைப் பாருங்க. அங்க ஸ்கூல் டெஸ்ட் மார்க் ஒரே வருஷத்துல நம்ப முடியாத அளவுக்கு எகிறியிருக்கறதை உள்ளூர் பேப்பர் நிருபர்கள் கணக்குப் போட்டுக் காட்டினாங்க, அப்புறம் மாநில விசாரணை நடந்து 2011ல வந்த அறிக்கைல 44 ஸ்கூல்ல 178 பேர் விடைத்தாள் மோசடில மாட்டினாங்க. ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல வருஷத்துக்கு வருஷம் வித்தியாசத்தைக் கழிச்சுப் பாத்து, இது நடக்கக்கூடியதான்னு கேட்டதுல இருந்து ஆரம்பிச்சது அது. டொனால்ட் கேம்பல்ங்கற அமெரிக்க சமூக அறிவியல் ஆய்வாளர் 1970கள்லயே சொல்லியிருக்காரு, ஒரு எண்ணை வெச்சே முடிவெடுக்க ஆரம்பிச்சா அந்த எண்ணு கெட்டுப்போகும், அது அளக்க வந்த விஷயமும் கெட்டுப்போகும்னு.

இன்னொரு பொறி, சின்ன ஸ்கூல்தான் சிறந்ததுங்கற செய்தி. டாப் பத்து லிஸ்ட்ல எப்பவும் சின்ன ஸ்கூல் நெறைய இருக்கும், ஆனா கடைசிப் பத்துலயும் சின்ன ஸ்கூல்தான் நெறைய இருக்கும், ஏன்னா 12 பேர் எழுதற இடத்துல ரெண்டு புள்ளைங்க மாறினாலே சதவீதம் தலைகீழ். லிஸ்ட்டோட ரெண்டு முனையையும் பாக்கணும்னு ஒரு பயிற்சி வைங்க, அரை மணி நேரம் போதும், ஆயுசுக்கும் மறக்காது.

அப்புறம் ஆராய்ச்சின்னு வர்ற பிரஸ் ரிலீஸ். ஒரு ஆப் கம்பெனி எங்க ஆப்பால மார்க் 30 சதவீதம் கூடிச்சுன்னு அனுப்பும். கேக்க வேண்டியது, காசு யார் குடுத்தா, ஒப்பிட வேற குழு இருந்துச்சா, ஆரம்பிச்சவங்கள்ல எத்தனை பேர் கடைசி வரைக்கும் இருந்தாங்க. நல்ல சோதனை எப்படி இருக்கும்னு காட்ட அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல 1985ல ஆரம்பிச்ச ஸ்டார் ஆய்வைச் சொல்லுங்க, ஆள் கம்மியான வகுப்பு, வழக்கமான அளவு வகுப்புன்னு புள்ளைங்களைக் குலுக்கல் மாதிரி பிரிச்சுப் போட்டு வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க. அதோட பக்கத்துல வெச்சுப் பாத்தா அந்த ஆப் ரிலீஸ் என்னன்னு தானா விளங்கும். சில புள்ளை கண்ணால படிக்கும் சில புள்ளை காதால படிக்கும்னு வர்ற கற்றல் பாணிக் கட்டுரைங்களும் அப்படித்தான், 2008ல உளவியல் ஆய்வாளர்கள் இருக்கற ஆய்வையெல்லாம் அலசி, அந்தப் பாணிக்கு ஏத்தபடி பாடம் நடத்தறதுக்குப் போதுமான ஆதாரம் இல்லன்னு சொல்லிட்டாங்க, செய்தி மட்டும் இன்னும் நிக்கல.

கரும்பலகை:
எண்ணும்எழுத்தும், அட்லாண்டா சொன்னீங்க, லாஸ் ஏஞ்சலஸையும் சொல்லணும்ல. 2010ல அங்க ஒரு பெரிய பேப்பர் புள்ளைங்க டெஸ்ட் மார்க்கை வெச்சு ஆசிரியர்களுக்கு ரேட்டிங் போட்டு, சுமார் 6,000 பேரோட பேரைப் போட்டு வெளியிட்டுச்சு. அப்புறம் வேற ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து கணக்குல இன்னும் சில காரணிகளைச் சேத்துப் பாத்தா நெறைய ஆசிரியர்களோட ரேட்டிங்கே மாறிடுச்சு. அதுக்குள்ள ஊரே படிச்சாச்சு. அந்த லிஸ்ட்ல கீழ வந்தவங்க மறுநாள் காலைல எப்படி வகுப்புக்குள்ள போயிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

எண்ணும்எழுத்தும்:
ஒத்துக்கறேன் மேடம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுச் சொல்லிக்குடுக்கறதுதான் சரி. அட்லாண்டால எண்ணைச் சந்தேகப்பட்டாங்க, நேர்ல போய் விசாரிக்க ஒரு காரணம் கிடைச்சுது. லாஸ் ஏஞ்சலஸ்ல எண்ணை நம்பி நேரா மனுஷங்க பேர்ல ஒட்டிட்டாங்க. திறமை ஒண்ணுதான், எடுத்த முடிவு வேற.

ஈரக்காத்து:
யாரும் இன்னும் சொல்லாததால நான் சொல்றேன், ரிசல்ட் நேரத்து தற்கொலைச் செய்தி. இது டிரெயினிங்ல அரை நாள் கட்டாயம் இருக்கணும், வேற எதை வெட்டினாலும் இதை வெட்டாதீங்க. உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குன்னு வழிகாட்டி 2000ல கொண்டுவந்து, கடைசியா 2023ல புதுப்பிச்சிருக்கு, அது சின்னப் புத்தகம், எல்லாரும் உக்காந்து சத்தமா படிங்க. எப்படி இறந்தாங்கன்னு எழுதக்கூடாது, எங்கன்னு எழுதக்கூடாது, தலைப்புல அந்தச் சொல்லே வேணாம், பெயில் ஆனதால உயிரை விட்டான்னு ஒரே காரணத்துல முடிச்சு வைக்கக்கூடாது ஏன்னா அது உண்மையும் இல்ல, அதே நெலமைல இருக்கற இன்னொரு புள்ளை அதை வழியா எடுத்துக்கும். உதவி எங்க கிடைக்கும்ங்கறது ஒவ்வொரு தடவையும் இருக்கணும்.

நான் இந்த பீட்ல இருந்த காலத்துல ஒரு பொண்ணோட வீட்டு வாசல்ல நின்னு அவ நோட்டு புக்கை போட்டோ எடுத்தேன். கேட்டுதான் எடுத்தேன், அவங்க அப்பா தலையாட்டினாரு. அன்னிக்கு அவர் எதுக்கு வேணாலும் தலையாட்டியிருப்பாரு, அது சம்மதம் இல்லன்னு புரிய எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. 1989 ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கைல 3வது பிரிவு குழந்தையோட நலன் முதல்லங்குது, 16வது பிரிவு குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டுங்குது. அப்பாவோ ஹெட்மாஸ்டரோ சரின்னா போதும்னு நெனைக்கற பழக்கத்தை இந்த டிரெயினிங்ல ஒடைக்கணும்.

பழையடெஸ்க்:
ஈரக்காத்து சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. அதோட பட்ஜெட்டையும் ஒரு மணி நேரம் வைங்க தம்பி. ஒதுக்கின தொகையை அறிவிக்கற அன்னிக்கு பெருசா எழுதறோம், திருத்தின மதிப்பீடு என்ன, கடைசில உண்மையா செலவானது என்னன்னு திரும்பிப் பாக்கறதில்ல. 2015ல தென் கொரியாவோட இஞ்சியோன்ல உலக நாடுகள் கூடி கல்விக்காக வெளியிட்ட பிரகடனத்துல நாட்டோட மொத்த உற்பத்தில 4ல இருந்து 6 சதவீதம், இல்லாட்டி அரசு செலவுல 15ல இருந்து 20 சதவீதமாவது கல்விக்குன்னு வெச்சாங்க, அந்தக் கோட்டை வெச்சு ஒப்பிடலாம், ஆனா விலைவாசியைக் கழிச்சு, ஒரு மாணவருக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாக்காம வரலாறு காணாத ஒதுக்கீடுன்னு எழுதவே கூடாது.

மைக்குமைனா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கல. எடிட்டர்கிட்ட பேசி எழுத்து கிளாஸையும் வீடியோ கிளாஸையும் எடுத்துட்டேன். மொத நாள் காலைல எண், மதியம் ஈரக்காத்து சொன்னது, ரெண்டாம் நாள் முழுசும் வகுப்பறைன்னு யோசிச்சிருக்கேன். ஒரு சந்தேகம், தலைப்பு நாங்க போடறதில்லையே, டெஸ்க்லதான போடறாங்க, நிருபர் கவனமா எழுதிக் குடுத்தாலும் தலைப்புல எல்லாம் போயிடுது.

கரும்பலகை:
வகுப்பறையை மொத நாள் வைங்க தம்பி. 40 புள்ளைங்களை கண்ணால பாத்துட்டு வந்தப்புறம் மறுநாள் 170ல 150ன்னு எழுதினா அந்த பாஸ் ஆகாத 20 பேர் யாருன்னு கேக்கத் தோணும். மாத்தி வெச்சா அது வெறும் கணக்கு கிளாஸ்.

பழையடெஸ்க்:
மேடம் சொல்ற வரிசைதான் சரி. தலைப்பு விஷயத்துக்கு, சப் எடிட்டர் ரெண்டு பேரையாவது அந்த ரூம்ல உக்கார வைங்க, முடியாதுன்னா விடாதீங்க, எடிட்டரையே கூப்பிட்டு உக்கார வைங்க. பயிற்சிக்கு உங்க 200, 170 கணக்கையே எடுத்துக்கறேன், டேபிளை மட்டும் குடுத்து ஆளுக்கொரு தலைப்பு எழுதச் சொல்லி, அப்புறம் அந்த அம்மா போன் பண்ணினதைச் சொல்லி மறுபடி எழுதச் சொல்லுங்க. அதோட மொத்தச் சேர்க்கை விகிதத்துக்கும் ஒரு டேபிள் வேணும், ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள ரெண்டையும் டைப் பண்ணி இங்கயே போடறேன்.