காலையில் 0.3, மாலையில் 0.9: தவறு படலத்திலா, கேமராவிலா?

பீன்யா வாசி: பெங்களூரில் ஒரு சிறு கூடத்தில், விண்வெளிக்கான ஒரு மீட்டர் சதுர ஆன்டெனா படலத்தைச் சோதிக்கிறோம். 25 மைக்ரான் கேப்டான் (பாலிமைடு பிளாஸ்டிக் படலம்), ஒரு பக்கம் அலுமினியப் பூச்சு, நான்கு மூலைகளிலும் ஸ்பிரிங். ஒளிதிருப்பும் ஸ்டிக்கர்களை ஒட்டி, பல கோணப் படங்களிலிருந்து வடிவத்தைக் கணக்கிடும் போட்டோகிராமெட்ரியில் அளக்கிறோம். காலையில் மேடுபள்ளம் 0.3 மி.மீ. ஆர்.எம்.எஸ். (ஒருவகைச் சராசரி); மாலையில் 0.9. மேடுபள்ளத்தால் ஆன்டெனாவின் திறன் எவ்வளவு குறையும் என்று சொல்லும் ரூஸ் சமன்பாட்டின்படி 10 கிகாஹெர்ட்ஸில் 0.9 என்றால் 0.6 டெசிபெல் இழப்பு. எந்த எண்ணை அறிக்கையில் எழுதுவது? லென்ஸை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். மேலாளரோ கேமராவை மாற்றச் சொல்கிறார்.

தறிக்காரன்: கேமராவின் மீது பழி போடுமுன், படத்தில் சேர்த்து எடுக்கும் நீளம் தெரிந்த அளவுக்கோலைப் பாருங்கள். இரண்டு வேளையும் அதன் நீளம் ஒன்றாகவே வருகிறதா? ஏசியை அணைத்தீர்களா? இந்தப் படலம் மூச்சுக் காற்றுக்கே ஆடும்.

பீன்யா வாசி: அளவுக்கோல் 20 மைக்ரானுக்குள் ஒத்துப்போகிறது. ஏசியை அணைத்தும் அதே கதைதான்.

ஓய்வுபெற்ற சோதனையாளர்: தம்பி, மாலையில் மழை பெய்கிறதா? கேப்டான் ஈரம் குடிக்கும். ஈரப்பதம் ஒரு சதவீதம் ஏறினால் மீட்டருக்குச் சுமார் 20 மைக்ரான் நீளும். ஒரு டிகிரி வெப்பத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அலுமினியச் சட்டமும் வெப்பத்துக்கு அதே அளவு நீளும் என்பதால் அது பெரும்பாலும் கழிந்துவிடும். ஈரத்துக்குச் சட்டம் அசையாது. படலம் மட்டும் தொய்ந்து, மூலையிலிருந்து மூலைக்குச் சுருக்கம் ஓடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

பீன்யா வாசி: ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது! காலையில் 48 சதவீதம், மழைக்குப் பின் 79. அந்த 31 சதவீத ஏற்றத்துக்கு மீட்டருக்கு 0.6 மி.மீ. நீட்சி. டார்ச் வெளிச்சத்தில் வேட்டி மடிப்புபோல நான்கு கோடுகள். ஒவ்வொரு ஸ்டிக்கரைச் சுற்றியும் சிறு குழி வேறு தெரிகிறது.

ஓய்வுபெற்ற சோதனையாளர்: ஸ்டிக்கர் படலத்தைவிடப் பல மடங்கு தடிமன், குழி விழாமல் என்ன செய்யும்? எண்ணிக்கையைக் குறையுங்கள். ஸ்டிக்கருக்குப் பதில் புள்ளிகளை ஒளியாக வீழ்த்தலாம் என்று யாராவது சொல்வார்கள். அலுமினியப் பூச்சு கண்ணாடிபோல அதைத் திருப்பிவிடும், பூசாத பக்கமும் அப்படித்தான். விண்வெளியில் ஈரமே இல்லை, ஆகவே உலர் அறையில் ஓர் இரவு வைத்து அளப்பதே நியாயம். பிறகு படலத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை அளந்து, புவியீர்ப்புத் தொய்வைக் கழித்துவிடுங்கள்.

பீன்யா வாசி: உலர் அறை இல்லை. பாலிதீன் கூடாரமும் சிலிக்கா ஜெல்லும் போதுமா?

தறிக்காரன்: போதும். ஈரப்பதமானியைக் கூடாரத்துக்கு உள்ளே வையுங்கள். படமும் உள்ளிருந்தே எடுங்கள். பாலிதீன் வழியாக எடுத்தால் எண்கள் கெடும்.