கழுத்தில் நெறி கட்டி 5 வாரம், எங்கே காட்டுவது?

கேள்வி: அக்கா மகளுக்கு 19 வயசு. இடப்பக்கக் கழுத்தில் நெல்லிக்காய் அளவு நெறி, வலி இல்லை. சாயங்காலம் லேசா காய்ச்சல். 5 நாள் ஆன்டிபயாடிக் போட்டும் குறையல. யாரைப் பார்க்கிறது?

பதில் 1: பல் சொத்தை, தொண்டைப் புண், தலையில் பேன் புண் இருந்தால் வர்ற நெறி பெரும்பாலும் 2, 3 வாரத்தில் வடியும். இது 5 வாரம், கூடவே காய்ச்சல். இனி காத்திருக்காதீங்க. அரசு மருத்துவமனை பொது மருத்துவம் அல்லது காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்க. எடை குறைவு, ராத்திரி வியர்வை இருந்தால் மறக்காமல் சொல்லுங்க. காறை எலும்புக்கு மேலே நெறி இருந்தால் அன்னைக்கே காட்டணும். கண்டுபிடிக்கும் முன்னாடி ஸ்டீராய்டு மட்டும் வேண்டாம், லிம்போமா (நெறியில் வர்ற புற்றுநோய்) இருந்தால் பயாப்சியில் (சதைத் துண்டு எடுத்துப் பார்க்கிற சோதனை) தெரியாம மறைஞ்சிடலாம்.

பதில் 2: நம்ம ஊரில் இந்த மாதிரி நெறிக்கு முதல்ல சந்தேகப்பட வேண்டியது காசநோய். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. செய்யும்போதே ஒரு பகுதியை காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கிற சிபிநாட் சோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்க. பயாப்சி எடுத்தால் முழுத்துண்டையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கிற மருந்து) போட்டால் சோதனைக்குக் கிருமி வளர்க்க முடியாது. ஒரு துண்டு சலைனில் (உப்பு நீர்) போகணும். கட்டியைக் கீறி விடச் சொன்னால் யோசிங்க, காசநோயா இருந்தால் புண் ஆறாமல் சீழ் ஒழுகிட்டே இருக்கலாம்.

பதில் 3: காசநோய்தான்னா மாத்திரை இலவசம், வழக்கமா 6 மாதம். நடுவில் நெறி பெருசாகலாம், புதுசாவும் வரலாம். மருந்து வேலை செய்யலன்னு நிறுத்திடாதீங்க, டாக்டரிடம் காட்டுங்க.