எஞ்சின் சத்தத்துக்கு இரண்டு சொல் வேண்டும், சனிக்கிழமைக்குள்

ஹாரோ, செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

சனி காலை பத்து மணிக்கு எனக்கு வகுப்பு. கராஜ் வேலை பழக வரும் ஒன்பது பேர். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்கள்தான், ஆனால் காதில் விழுந்ததைத் தமிழில்தான் சொல்ல வருகிறது. பாடம், சத்தத்தைக் கேட்டு எஞ்சினின் கோளாறைப் பிடிப்பது. பாடப்பொருள் என் சொந்தக் கார்: 1990ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர்.

குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த காரைப் போன கிழமை ஸ்டார்ட் செய்தேன். எஞ்சினின் மேல்மூடிப் பக்கமிருந்து தையல் மெசின் ஓடுவது போல் டிக் டிக் டிக். ஒயில் அழுத்த முள் சரியான இடத்தில் நிற்கிறது. இது ஹைட்ராலிக் லிஃப்டர் (ஒயில் நிரம்பி வால்வின் இடைவெளியை மூடும் சிறு உறுப்பு) சத்தம் என்று எனக்குத் தெரியும். ஒயில் மாற்றி, நன்றாகச் சூடேறும்வரை ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் இதே எஞ்சினின் அடியிலிருந்து கனத்த டொக் டொக் வந்தால் அது கனெக்டிங் றொட் பேரிங், அதாவது பிஸ்டனை எஞ்சினின் பிரதான தண்டோடு இணைக்கும் கம்பியின் தாங்கி. அந்த நிமிடமே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

என் குறிப்பில் இரண்டுக்கும் "தட்டும் சத்தம்" என்றே எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று கேட்டால் ஓட்டலாம், மற்றது கேட்டால் ஒரு மைல்கூட ஓட்டக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துப் பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை. தனித்தனியாக இரண்டு சொல் தாருங்கள்.

கோயம்புத்தூர், புதன் காலை

தம்பி, ஐடிஐயில் 31 வருஷம் பாடம் எடுத்தவன் சொல்கிறேன். எங்கள் பட்டறைகளில் இதற்குச் சொல் எப்போதோ வந்துவிட்டது. உங்கள் லிஃப்டரை நாங்கள் டேப்பட் என்போம். "டேப்பட் அடிக்குது." "பேரிங் அடிக்குது." அடிப்பது ஒன்றுதான், எது அடிக்கிறது என்பதில்தான் வேறுபாடு. டேப்பட் அடிப்பு, பேரிங் அடிப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்த மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னாலும் புரியும்.

இன்னொன்று. அம்பாசடரில் டேப்பட் சத்தம் வந்தால் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்துவிடுவோம். உங்கள் வண்டியில் அப்படித் திருகிச் சரிசெய்ய ஒன்றுமில்லை, எண்ணெய்தான் இடைவெளியை நிரப்புகிறது. மாணவர்களுக்கு அதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத திருகாணியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

யாழ்ப்பாணம், புதன் மதியம்

ஐயா, "அடிப்பு" வேண்டாம். எங்கள் உயர்தரப் பௌதிகத்தில் அடிப்பு என்பது வேறு. மீடிறனில் சிறிது வேறுபட்ட இரண்டு ஒலிகள் சேரும்போது சத்தம் கூடிக் குறைகிறதே, அதற்கு வைத்த பெயர். நீங்கள் அதை விம்மல் என்கிறீர்கள், மீடிறனை அதிர்வெண் என்கிறீர்கள். ஒரே நிகழ்வுக்கு இரு கரையிலும் இரண்டு பெயர் இருப்பதே போதும். இப்போது ஒரே பெயருக்கு இரண்டு நிகழ்வைச் சேர்க்க வேண்டாமே. நான் 22 வருஷமாக அந்தப் பாடம் படிப்பிக்கிறேன். எஞ்சின் சத்தத்தைப் பற்றிப் பேசும் இடத்திலேயே அந்தச் சொல் மோதினால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

தஞ்சாவூர், புதன் இரவு

அன்பர்களே, டிக், டொக் என்று எழுதுவதையே முதலில் விட வேண்டும். டகரம் தமிழில் மொழிமுதல் வாராது. ஒலிக்குறிப்புக்கு விலக்கு உண்டு என்று வாதிடலாம். ஆனால் குறிப்பாக வருவது வேறு, பெயராக நிலைப்பது வேறு.

தொல்காப்பியர் உரியியலில் ஓசைக்கு நான்கு சொல் தருகிறார்: "கம்பலை சும்மை கலியே அழுங்கல் / என்றிவை நான்கும் அரவப் பொருள." அடுத்த நூற்பாவிலேயே "அவற்றுள், அழுங்கல் இரக்கமும் கேடும் ஆகும்" என்கிறார். கவனியுங்கள். ஓசையும் கேடும் ஒரே சொல்லில். எஞ்சின் கெடப் போகிறது என்று அறிவிக்கும் ஓசைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை இனி யார் உருவாக்க முடியும்? குறுந்தொகை 12ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். "உலைக்கல் அன்ன பாறை" அதில் வருகிறது, தேர் சென்ற வழி வருகிறது, முடிவில் "அழுங்கல் ஊர்" வருகிறது. கொல்லனின் உலைக்கல்லும் தேரும் அழுங்கலும் ஒரே பாட்டில் கிடைக்கின்றன.

அடியிலிருந்து வரும் ஓசை அழுங்கல். மேலிருந்து வரும் சிற்றோசைக்கு நொடிப்பு. நொடி என்பது விரலைச் சொடுக்கும் ஓசை. "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்று எழுத்தின் அளவையே அதைக் கொண்டுதான் சொல்லியிருக்கிறது.

கோயம்புத்தூர், வியாழன் காலை

பேராசிரியர் ஐயாவின் படிப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் எங்கள் ஊரில் "அவர் நொடிச்சுப் போயிட்டார்" என்றால் தொழில் திவாலாகிவிட்டது என்று பொருள். ஓட்டலாம் என்று சொல்ல வேண்டிய சத்தத்துக்கு நொடிப்பு என்று பேர் வைத்தால், கேட்டவன் பயந்து எஞ்சினை இறக்கிவிடுவான். அழுங்கல் எனக்கே தெரியாத சொல். அகராதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பையன் எஞ்சினைப் பார்ப்பானா, அகராதியைப் பார்ப்பானா?

நான் சொன்னதில் என்ன குறை? டேப்பட் அடிப்பு, பேரிங் அடிப்பு. அக்கா சொல்லும் பௌதிகப் பாடம் பட்டறைக்குள் வரவே வராது.

சிங்கப்பூர், வியாழன் மதியம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் மொழிபெயர்ப்பை மட்டும் பார்க்கிறவள். கோவை ஐயா தரும் சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. டேப்பட் அடிப்பு என்று சொல்ல, அடிப்பது டேப்பட்தான் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கண்டுபிடிக்க வேண்டிய விடை அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மாணவருக்குத் தேவை காதில் விழுந்த சத்தத்தின் பெயர்தான். உறுப்பின் பெயர் அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

ஹாரோ, வியாழன் இரவு

சிங்கப்பூர் அக்கா சொன்னதுதான் என் மனதில் இருந்தது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வருடம் ஒருவர் இதே மாதிரிக் காரைக் கொண்டுவந்தார். வேறொரு கராஜில் லிஃப்டர் சத்தம் என்று சொல்லி பதினாறு லிஃப்டரையும் மாற்றியிருந்தார்கள். சத்தம் போகவில்லை. நான் பார்த்தபோது எக்ஸோஸ்ட் மனிஃபோல்டின் (புகை வெளியேறும் குழாயின்) கஸ்கெட் வழியாகக் காற்று கசிந்துகொண்டிருந்தது. அதுவும் டிக் டிக் என்றுதான் கேட்கும். இரும்பு சூடாகி விரிந்தால் குறையும், ஆகவே லிஃப்டர் என்றே தோன்றும். முதல் நாளே "லிஃப்டர் சத்தம்" என்று பெயர் வைத்துவிட்டதால் பிறகு யாரும் வேறு இடத்தில் காது வைக்கவில்லை. அந்த மனிதர் அநியாயமாகப் பணத்தை இழந்தார். எனக்கு இன்றும் அது பொறுக்கவில்லை.

கோயம்புத்தூர், வெள்ளி காலை

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தப்பை நானும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எண்ணிச் சொல்லப் பழக்குங்கள். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, உங்கள் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுமார் 850 சுற்று. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் அதில் பாதி, 425. ஒரு லிஃப்டர் மட்டும் தட்டினால் நொடிக்கு ஏழு தடவை கேட்கும். பிஸ்டன்கள் சுழற்றும் பிரதான தண்டான கிராங்கோடு சேர்ந்து தட்டுவது நொடிக்குப் பதினான்கு. ஏழைக் காது பிரித்துக் கேட்கும், பதினான்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை ஸ்பார்க் பிளக் வயரில் மாட்டி ஒப்பிடலாம், ஆனால் இந்த 1.6 எஞ்சினில் ஒரு கவனம் தேவை. இதில் ஒரு இக்னிஷன் காயில் (மின்சுருள்) இரண்டு சிலிண்டருக்குச் சேர்த்துப் பொறி கொடுக்கிறது, ஆகவே கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் லைட் மின்னும். சத்தம் ஒரு மின்னல் விட்டு ஒரு மின்னலுக்கு வந்தால் கேம் பக்கம். மின்னலுக்கு மின்னல் வந்தால் கிராங்க் பக்கம். சாதாரண எஞ்சின் கணக்கை இங்கே போட்டால் தலைகீழாகிவிடும்.

அப்புறம் நீள ஸ்க்ரூ டிரைவர். முனையை மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்கச் சொல்லுங்கள். ஃபேன் பெல்ட்டிலிருந்து தள்ளியே நிற்கட்டும். கடைசியாக ஒவ்வொரு சிலிண்டரின் பொறியையும் முறையாக எர்த் செய்து நிறுத்திப் பார்க்கட்டும். றொட் பேரிங்காக இருந்தால் அந்தச் சிலிண்டர் எரியாதபோது சத்தம் தணியும். லிஃப்டர் அப்படித் தணியாது.

சொல்லுக்கு வருகிறேன். கீழே இருந்து வருவது உலக்கை போடுகிற மாதிரிதான் இருக்கும். இடிப்பு என்று வையுங்கள்.

யாழ்ப்பாணம், வெள்ளி மதியம்

இடிப்பு நல்லது. அம்மா மா இடிக்கும்போது அடுத்த அறையில் படுத்திருந்தால் சத்தம் நிலத்தால் வந்து பாய்க்குள் ஏறும். கனத்த சத்தம், கீழே இருந்து வரும் சத்தம். தம்பி சொல்வதும் அதுதானே.

மேலே வருவதற்கு நொடிப்பை நான் ஆதரிக்கிறேன். திவாலானவரைப் பற்றி எங்கள் பக்கம் அப்படிப் பேசுவது குறைவு. ஒரு வேண்டுகோள்: கஸ்கெட் கசிவும் நொடிப்புத்தான், லிஃப்டரும் நொடிப்புத்தான் என்று பாடத்திலேயே எழுதுங்கள். பிறகு "எங்கிருந்து?" என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

சிங்கப்பூர், வெள்ளி மாலை

இடிப்புக்கு என் ஆதரவு. நொடிப்பில் எனக்கு முழு மனம் இல்லை, ஆனால் நாளைக் காலைக்குள் இதைவிட நல்லது கிடைக்காது. "சொடுக்கு" என்று கேட்கலாமா என்று பார்த்தேன். கணினியில் சுட்டியை அழுத்துவதற்கு அதை ஏற்கனவே எடுத்துவிட்டார்கள்.

ஹாரோ, சனி இரவு

வகுப்பு முடிந்தது. நொடிப்பு, இடிப்பு இரண்டையும் பலகையில் எழுதினேன். ஒயில் மாற்றி நாற்பது நிமிடம் ஓட்டி வந்தபின் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிட்டது, எக்ஸோஸ்ட் பக்கம் ஒரு லிஃப்டர் மட்டும் விடாமல் தட்டுகிறது. ஒன்பது பேரும் வரிசையாக ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கேட்டார்கள். ஆறு பேர் சரியான லிஃப்டரைக் காட்டினார்கள். இடிப்பு என்ற சொல் உடனே நாக்கில் ஏறிவிட்டது. நொடிப்பை நான் மட்டும்தான் சொன்னேன். அவர்கள் "அந்தச் சின்னச் சத்தம்" என்றே கடைசிவரை சொன்னார்கள்.

மேடேறும்போது ஹை கியரில் கடுகு பொரிவது போல வரும் சத்தத்துக்கும் ஒருவர் பெயர் கேட்டார். எரிபொருள் தானாக வெடிக்கிறது என்று விளக்கினேன், பெயர் சொல்ல என்னிடம் இல்லை. அடுத்த வகுப்பு மூன்று கிழமையில்.

தஞ்சாவூர், ஞாயிறு காலை

பெரும்பான்மை இடிப்பு என்கிறது, தடுக்க மாட்டேன். ஆனால் உலக்கை இடித்தால் அரிசி மாவாகிறது, அது ஆக்கம். இங்கே நடப்பது அழிவு. அந்த வேறுபாட்டைச் சொல்லும் சொல் நம்மிடம் இருந்தும் அதைத் தொடாமல் போகிறோம் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பட்டியலில் இடிப்புக்குப் பக்கத்தில் அழுங்கலையும் ஒரு வரி போட்டு வையுங்கள், தம்பி. கடுகு பொரிவதற்கு ஒரு வேர் பார்த்து வைத்திருக்கிறேன், இரவு விரிவாக எழுதுகிறேன்.