செலிப்ரேஷன்ஸ் செட்: 25 கார்டா, 50 கார்டா?

ஒன்பது கட்டம்:
"போக்கிமான் செலிப்ரேஷன்ஸ் மொத்தமே 25 கார்டுதான். கிளாசிக் கலெக்‌ஷன் பழைய படங்களோட ஜெராக்ஸ், அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது"ன்னு ஒருத்தர் அடிச்சு எழுதியிருக்கார். போக்கிமானோட 25-ஆம் ஆண்டுக்காக 2021-ல வந்த அந்த நாலு கார்டு பேக்கைப் பிரிச்சுப் பார்த்திருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டார். புது கார்டும், பழசோட மறுபதிப்பான கிளாசிக் கார்டும் அதே பேக்குலதான் வருது. 25ம் 25ம் ஐம்பது.

ஹோஓ முதல்:
எழுதினது நான்தான். முதல் எண் கார்டோட இடம், ரெண்டாவது செட்டோட மொத்தம்: 1/25 ஹோ-ஓ, கடைசியா 25/25 தங்க மியூ. கார்டுலயே அச்சடிச்சிருக்கு. கிளாசிக்ல பாருங்க: வீனசார் 15/102, ஹியர் கம்ஸ் டீம் ராக்கெட் 15/82, ராக்கெட்ஸ் ஜாப்டாஸ் 15/132, கிளேடால் 15/106. ஒரு செட்டுல நாலு 15 எப்படி வரும்?

ஒன்பது கட்டம்:
நாலு 15 இருக்கிறதுதான் அதோட அழகே! பழைய எண்ணை அப்படியே விட்டதாலதான் எந்தக் கார்டு எந்தக் காலம்னு தெரியுது. எண் வரிசையில அடுக்கினா குழப்பம்தான். வெளிவந்த வரிசையில அடுக்குங்க. முதல் செட்டான பேஸ் செட்டோட நாலு, டார்க் கியாரடோஸ், டீம் ராக்கெட், ஜாப்டாஸ், பிறந்தநாள் பிகாச்சு, கிளெஃபா. பைண்டர்ல, அதாவது கார்டு ஆல்பத்துல, ஒன்பது பாக்கெட் பக்கம் கச்சிதமா நிரம்பும். ரெண்டாம் பக்கம் ஷைனிங் மேஜிகார்ப்புல தொடங்கி கார்ச்சோம்ப்புல முடியும். மூணாவதுல டான்ஃபான் முதல் டாபு லேலே வரை ஏழு. அந்த மேஜிகார்ப் 66/64. 64 கார்டு செட்டுல 66-ஆவது எண். அதை ஏத்துக்கிறவருக்கு நாலு 15 மட்டும் ஏன் உறுத்துது?

சாரிஸார்ட் தாசன்:
எண்ணை விடுங்கப்பா. மிட்சுஹிரோ அரிட்டா வரைஞ்ச சாரிஸார்ட் படத்து மேலேயே 25 முத்திரை குத்தியிருக்காங்களே, அது யார் கண்ணையும் உறுத்தலையா?

ஒன்பது கட்டம்:
முத்திரை இல்லேன்னா 1999 கார்டுன்னு ஏமாத்தி வித்துடுவாங்க. அது இருக்கணும்.

ஹோஓ முதல்:
அப்போ நகல்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

ஒன்பது கட்டம்:
மறுபதிப்புன்னு சொன்னேன். ஜெராக்ஸ்னு சொல்லல. பக்கத்துல வெச்சுப் பாருங்க. மசாகாசு ஃபுகுடாவோட அம்ப்ரியான் 17/17-ல உடம்பு சட்டத்தை மீறி வெளியே வருது. அதே பக்கத்துல இருக்கிற கிளேடால் கட்டத்துக்குள்ளேயே அடங்கி நிக்குது. இந்த வித்தியாசத்தை உங்க 25-லேர்ந்து காட்டுங்க பார்ப்போம்.

மூலை வெள்ளை:
உலோக பிகாச்சுவும் சாரிஸார்டும் வந்ததே, அதையும் சேர்த்தா 52 ஆகாதா?

ஒன்பது கட்டம்:
ஆகாது. அது அல்ட்ரா பிரீமியம் பெட்டிக்குள்ள மட்டும் வந்தது, பேக்குல கிடைக்காது. அதை பைண்டர்ல சொருகவும் சொருகாதீங்க. எடை தாங்காம பக்கம் தொங்கும், பக்கத்துக் கார்டுல அழுத்தும்.

மூலை வெள்ளை:
என் ஹோலோ (பளபளப்பு ஃபாயில்) கார்டெல்லாம் கிண்ணம் மாதிரி வளைஞ்சு நிக்குது. அச்சுக் குறையா?

ஒன்பது கட்டம்:
ஓரம் மேல தூக்கினா ஈரம். பின்பக்கக் காகிதம் ஈரம் குடிச்சு விரியும், முன்பக்க ஃபாயில் விரியாது. ஓரம் கீழே இறங்கினா காத்து காய்ஞ்சிருக்கு. புத்தகத்தை அடுக்கி நசுக்காதீங்க. ஸ்லீவ் (கார்டு உறை) போட்டு, மூடின டப்பாவுல ஈரப்பதத்தை 50% சுற்றி வெச்சிருக்கிற பொட்டலத்தோட சில நாள் விடுங்க. பைண்டர் வளையம் வட்டமா இருந்தா மாத்துங்க. உள்வரிசைக் கார்டுல தழும்பு விழும். டி வடிவ வளையம் வாங்குங்க.

சாரிஸார்ட் தாசன்:
கேள்வி கேட்டவங்களுக்கெல்லாம் இவர்தான் பதில் சொல்வாரு. போன தடவை ஸ்லீவ் சண்டையிலயும் இதே கதைதான்.

ஒன்பது கட்டம்:
அப்ப பிவிசி பிளாஸ்டிக் பக்கம் பரவாயில்லைன்னு சொன்னது நீங்க. நாளாக நாளாக அது ஒட்டும், ஃபாயில் மங்கும். பாலிப்ரொப்பிலீன்தான் சரின்னு இன்னும் சொல்றேன்.

ஹோஓ முதல்:
பிவிசி கிடக்கட்டும். நாலு 15. பதில் வரல.

ஒன்பது கட்டம்:
மேல வரிசையே போட்டிருக்கேன், படிங்க. 1999, 2000, மறுபடி 2000, 2008. நாலு 15-க்கும் நாலு இடம்.

ஹோஓ முதல்:
என் பைண்டர்ல 25-க்கு அப்புறம் ரெண்டு பாக்கெட் காலியா இருக்கு. காலியாவே இருக்கும்.