வன்னியில் நீளப் பாட்டுக் கேட்டவர்கள்: யெஸ்ஸா, ட்றீம் தியேட்டரா, கிங் கிறிம்சனா?

கிளிநொச்சி

கரடிப்போக்குச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு தொடங்கிய வாக்குவாதம், கிழமையாகியும் முடியவில்லை. நீளப் பாட்டும் சிக்கலான தாளமுமாக வருகிற மேற்கத்தைய றொக் இசை, அதாவது புறோகிறெசிவ் றொக்கில் ஆர் பெரிய ஆட்கள் என்பதுதான் கேள்வி. நான் யெஸ் என்ற குழுவின் பக்கம். 1972இல் வந்த அவர்களின் 'குளோஸ் டு த எட்ஜ்' பாட்டு 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். குருவிச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமுமாகத் தொடங்கி, ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்து, நடுவில் எல்லாம் அடங்கிவிடும். அந்த இடத்தில் றிக் வேக்மன் தேவாலய ஓர்கனை எழுப்புவார். முன்னால் பட்ட நெரிசலெல்லாம் இதற்காகத்தான் என்று அப்போது விளங்கும். என் சிநேகிதனுக்கு ட்றீம் தியேட்டர் குழுவை விட்டால் வேறு ஆளில்லை. "உன்ர ஆட்கள் கஷ்டப்பட்டு வாசிக்கிறதை இவங்கள் நித்திரையில வாசிப்பாங்கள்" என்கிறான்.

எங்கள் இரண்டு பேரின் சண்டை கிடக்கட்டும். வன்னியில் இருந்துகொண்டு இந்த இசை உங்கள் காதுக்கு எப்படி வந்தது? ஆரை மேலே வைப்பீர்கள்? கதையோடு சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு

நான் சொல்வது தொண்ணூறுகளின் கதை. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லில் சாய்த்து, அதிலிருந்து இரண்டு வயரைக் கசெற் பிளேயருக்கு இழுத்து, ஒருவர் ஏறியிருந்து மிதிக்க வேண்டும். அந்தக் காலத்து ஆட்கள் எல்லாருக்கும் இது தெரியும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை இடம்பெயர்ந்து வரும்போது உடுப்புக்குள் சுற்றிக்கொண்டு வந்த கசெற்றுகளில் ஒன்று கிங் கிறிம்சனின் முதல் தட்டு. 1969இல் வந்தது. முதல் பாட்டில் குரலே கிழிந்து கிழிந்து வரும். மிதித்துக்கொண்டிருந்தவர் டைனமோவில் பழுதென்று இறங்கிவிட்டார். "இல்லையடா, அது அப்படித்தான், நீ மிதி" என்று அண்ணை ஏத்தினார். அந்தப் பக்கத்தின் மூன்றாவது பாட்டு 'எப்பிற்றாப்'. வயலின் கூட்டம் ஒன்று தூரத்தில் நின்று அழுவது போல ஒரு சத்தம் அதில் எழும்பி வரும். மிதிக்கிறவரின் கால் தளர்ந்தால் நாடா மெதுவாகும், சுருதி இறங்கும், அந்தச் சத்தம் இன்னும் கனத்துப் போகும். பாட்டு முடியும்வரை ஒருவரும் கதைக்க மாட்டோம்.

பல காலத்துக்குப் பிறகுதான் அது வயலின் இல்லை, மெலற்றோன் என்று அறிந்தேன். பார்வைக்கு ஓர்கன் மாதிரி. உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு நாடா. கட்டையை அமுக்கினால் அதில் பதிந்திருக்கிற வயலினோ புல்லாங்குழலோ ஒலிக்கும். ஒரு நாடா ஏறத்தாழ 8 செக்கன்தான். அதற்குமேல் அமுக்கிப் பிடித்துப் பிரயோசனமில்லை, விரலை எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். மின்னழுத்தம் ஆடினால் சுருதியும் ஆடும். இதை வாசித்தறிந்த அன்று எனக்கு மயிர் கூச்செறிந்தது. லண்டனில் ஸ்ரூடியோவுக்குள் இருந்தவர்கள் பட்ட பாடும், நாங்கள் சைக்கிளில் பட்ட பாடும் ஒரே நாடாவோடுதான்.

எனக்குக் கிறிம்சன்தான் முதல். அந்தக் குழுவில் மெலற்றோன் வாசித்த இயன் மக்டொனால்ட் அந்த வாத்தியத்தின் குறையையே பாட்டின் மூச்சாக மாற்றினார். 8 செக்கனுக்குள் மூச்சு முட்டுகிற ஒரு கருவியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய துக்கத்தைக் கட்டியெழுப்பியவர்களுக்குக் கைவேகத்தைக் காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஜெனசிஸ் குழுவின் 'வோச்சர் ஒவ் த ஸ்கைஸ்' தொடக்கத்திலும் இதே மெலற்றோன்தான், அதையும் கேளுங்கள்.

முள்ளியவளை

எங்கள் வீட்டில் தவில். நான் தொழிலுக்குப் போகவில்லை, ஆனால் தாளம் காதில் ஊறினது. இந்த இசைக்கு என்னை இழுத்தது பிங்க் புளொயிட் குழுவின் 'மணி', 1973இல் வந்த தட்டில் இருக்கிற பாட்டு. காசு விழுகிற சத்தங்களை நாடாவில் வெட்டி ஒட்டி, வளையமாக்கி ஓடவிட்டிருப்பார்கள். சித்தப்பா திண்ணையில் இருந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். என் போனில் இது ஓட, அவரின் கை தொடைக்குப் போனது. தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழு. "மிஸ்ரசாபு வாசிக்கிறாங்கள், ஆரடா?" என்று கேட்டார். பாட்டு நடுவில் கிற்றார் தனியாக எழும்பும்போது தாளம் நாலுக்கு மாறும். அந்த இடத்தில் அவரின் கை நின்றது. கொஞ்சம் கேட்டார், பிறகு நாலில் போட்டார். திரும்ப ஏழு வந்தபோது, வெற்றிலை வாயோடு தலையை ஆட்டினார். வெள்ளைக்காரன் பாட்டுக்கு அவர் தலையாட்டி நான் கண்டது அதுதான்.

நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜெனசிஸின் 'சப்பர்ஸ் றெடி' 23 நிமிடத்துக்குக் கிட்ட ஓடும், ஏழு பகுதி. இதைக் கேட்டுச் சலித்தோம் என்று கொழும்பில் படித்த சிநேகிதர்கள் சொல்லுவார்கள். முல்லைமோடிக் கோவலன் கூத்தை விடியவிடிய இருந்து பார்த்த ஊர் எங்களுடையது. ஒரு பாத்திரம் வரும்போது எந்தத் தாளக்கட்டு விழுகிறது என்று சின்னப் பிள்ளைகளே பார்த்திருப்பார்கள். முதலில் கேட்ட மெட்டு, எத்தனையோ நடந்த பிறகு வேறு கோலத்தில் திரும்பி வருவதன் சுகம் எங்களுக்குப் புதிதில்லை. 'சப்பர்ஸ் றெடி'யும் அதைத்தான் செய்கிறது. ஒன்பது எண்ணிக்கையில் ரோனி பாங்க்ஸ் ஓர்கனை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போய், தாங்காது என்கிற நேரத்தில், பாடகர் பீற்றர் கேப்ரியல் பழைய மெட்டைக் கொண்டுவந்து இறக்குவார்.

என் அளவுகோல் இதுதான்: எண்ணிக்கை எவ்வளவு சிக்கலாகவும் போகட்டும், தீர்மானம், அதாவது முடிக்கிற அடி, சரியாக விழ வேண்டும். ட்றீம் தியேட்டரின் 'டான்ஸ் ஒவ் இற்றேனிற்றி'யில் தாளம் நூறு தரத்துக்கு மேல் மாறும். சரி, மாறட்டும். எங்கே வந்து இருக்கிறது? ஒரு இடத்தில் கால் ஊன்றவிடாமல் அடுத்ததற்கு ஓடுகிறார்கள். கணக்கு இருக்கிறது, கச்சேரி இல்லை.

வவுனியா

முள்ளியவளை அண்ணை, அந்தப் பாட்டைத் தனியாக எடுத்துக் கேட்டால் அப்படித்தான் இருக்கும். அது 1999இல் வந்த ஒரு முழுக்கதைத் தட்டின் நடுவில் வருகிற துண்டு. 1992இல் அவர்கள் போட்ட பாட்டொன்றின் மெட்டுகள் அதற்குள் உடைந்து உருமாறி வருகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கூத்தில் வரவுப் பாட்டைத் தெரியாதவர் நடுச்சாமத்தில் வந்திருந்தால் அவருக்கும் ஒன்றும் பிடிபடாதுதானே?

நான் குருமன்காட்டில் இருந்துகொண்டு போனைப் பார்த்துக் கிற்றார் பழகினவள். சொல்லித்தர ஆளில்லை. ட்றீம் தியேட்டரின் கிற்றார்காரர் ஜோன் பெற்றூச்சியின் ஒரு சின்ன அடியை அரைவேகத்தில் போட்டு, விரல் நுனி காய்த்துப் போகும்வரை வாசித்திருக்கிறேன். இந்த வேகத்துக்குப் பின்னால் எத்தனை மணித்தியாலச் சாதகம் இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும். தவில்காரர் தனியில் வேகமெடுத்தால் ஊரே எழும்பி நின்று பார்க்கிறது. கிற்றார்காரர் எடுத்தால் மட்டும் அது உணர்ச்சியில்லாத வித்தையா?

மற்றபடி, இந்தப் பேச்சுகளில் கேமல் குழுவை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 1975இல் வந்த 'த ஸ்னோ கூஸ்' முழுக்க வாத்தியம்தான். இங்கிலிஷ் விளங்காத அம்மாவோடு இருந்து கேட்கக்கூடிய தட்டு.

நெடுங்கேணி

றஷ்ஷைப் பற்றி ஒருவரும் எழுதாதபடியால் நான் எழுதுகிறேன். ரொறொன்ரோக்காரர், மூன்றே பேர். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்கு ரொறொன்ரோவில் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் இந்தக் குழுவை அறிந்தவர் குறைவு.

மாமா கனடாவில் இருந்து வந்து நின்றபோது அவரின் சூட்கேஸ் கைபிடியில் விமானப் பயணத் துண்டு அப்படியே சுற்றிக் கிடந்தது. அதில் 'வை வை இசட்' என்று மூன்று எழுத்து. ரொறொன்ரோ விமான நிலையத்தின் குறியீடு. "இந்தப் பேரில ஒரு பாட்டு இருக்கு, கேட்டிருக்கிறியோ?" என்றார். றஷ்ஷின் 1981ஆம் ஆண்டுத் தட்டில் இருக்கிற, பாடல் வரியே இல்லாத உருப்படி. அந்த மூன்று எழுத்தையும் மோர்ஸ் தந்தியில் அடித்தால் என்ன சத்தம் வருமோ, அதுதான் தொடக்கத் தாளம். அவர்களின் ட்றம்ஸ்காரர் நீல் பியர்ட் அதை முதலில் சின்ன வெண்கலத் தட்டங்களில் தட்டுவார், பிறகு மற்ற இருவரும் அதே அடியைக் கையில் எடுப்பார்கள்.

மாமா அதை மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். முதன்முதல் அங்கே போய் இறங்கியபோது அந்த விமான நிலையத்தில் தனியாக நின்றதைப் பற்றியும் சொன்னார். அதற்குப் பிறகு யெஸ்ஸையும் கிறிம்சனையும் எவ்வளவு கேட்டாலும், எனக்கு றஷ்தான் மேலே. நீல் பியர்ட் 2020 தையில் காலமானபோது மாமா எடுத்து நெடுநேரம் கதைத்தார்.

முள்ளியவளை

நெடுங்கேணித் தம்பி எழுதியதைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டைச் சித்தப்பாவுக்குப் போட்டேன். மோர்ஸில் கோடு நெடில், புள்ளி குறில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. 'வை' என்பது நெடில், குறில், நெடில், நெடில். கூட்டினால் ஏழு. முதல் இரண்டும் மூன்று, அடுத்த இரண்டும் நாலு, அதாவது தகிட தகதிமி. 'இசட்' இரண்டு நெடில், இரண்டு குறில், ஆறு. ஏழும் ஏழும் ஆறும் இருபது. தட்டுக்கு ஐந்து மாத்திரையாகப் போகிற நாலு தட்டுக் கண்டநடைக்குள் சரியாக வந்து இருக்கிறது, மிச்சம் ஒன்றுமில்லை. சித்தப்பா இரண்டாம் சுற்றிலேயே பிடித்துவிட்டார்.

வவுனியாத் தங்கச்சி, 1992ஆம் ஆண்டுப் பாட்டின் பெயரையும் போட்டுவிடுங்கள். அதையும் அவருக்குக் கேட்கக் கொடுத்துவிட்டு வந்து பதில் எழுதுகிறேன்.