பேட்டன்ட் கேஸுக்கு வக்கீல்: பி.இ. படித்தவரா, பழுத்த சிவில் வக்கீலா?

கொழிஞ்சாம்பாறை ஒர்க்ஷாப்:
வணக்கம். தேங்காய் மட்டை உரிக்கும் மெஷின் செய்கிறோம். அப்பா காலத்து டிசைன். ரோலரில் பல் வைக்கும் விதத்தை மட்டும் நான் மாற்றினேன். பாதி மெஷின் பொள்ளாச்சிக்குப் போகிறது, மீதி கொல்லங்கோடு, சித்தூர் தோப்புகளுக்கு (நம்ம பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரா இல்லை). போன வாரம் ஒரு கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ். எங்கள் பேட்டன்ட்டை மீறிவிட்டீர்கள், உற்பத்தியை நிறுத்துங்கள், நஷ்ட ஈடு கொடுங்கள் என்று.

வரப்புத் தகராறு பார்க்கும் எங்கள் குடும்ப வக்கீல், "இது என் லைன் இல்லை தம்பி" என்று கைவிரித்துவிட்டார். இரண்டு பேரைச் சொல்கிறார்கள். ஒருவர் சென்னை, மெக்கானிக்கல் பி.இ. முடித்துச் சட்டம் படித்தவர், பேட்டன்ட் ஏஜெண்டும்கூட. இன்னொருவர் எர்ணாகுளம், பி.ஏ., பி.எல்.; சிவில் வக்கீலாக ஆரம்பித்து ரொம்ப வருஷமாகப் பேட்டன்ட், டிரேட்மார்க் கேஸ் நடத்துகிறார். பி.ஏ. படித்தவருக்கு ரோலரைப் பற்றி என்ன தெரியும் என்கிறான் மச்சான். எதைப் பார்த்து முடிவு செய்வது?

வேலந்தாவளம் லேத்:
நோட்டீஸைத் தூக்கிக் குப்பையில் போடுங்க. மிரட்டிப் பார்ப்பாங்க, அவ்வளவுதான்.

கோவை ஏஜெண்ட்:
லேத் அண்ணா, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீங்க. பதில் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த நோட்டீஸும் வந்த கவரும் பத்திரமாக இருக்க வேண்டும்.

நான் பேட்டன்ட் ஏஜெண்ட். மெக்கானிக்கல் படித்தவன், சட்டம் படிக்கவில்லை. ஏஜெண்ட் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம். பாஸ் செய்தால் பேட்டன்ட் ஆபீஸில் விண்ணப்பம், எதிர்ப்பு எல்லாம் நடத்தலாம். ஆனால் கோர்ட்டில் என்னால் வாதாட முடியாது. அங்கே அட்வகேட்தான் நிற்க வேண்டும். அவருக்கு அறிவியல் பட்டம் வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. மச்சான் கேட்பதில் நியாயம் பாதிதான்.

பி.இ. படித்த சென்னைக்காரர் விண்ணப்பம் எழுதியே தலை நரைத்தவராகவும் இருக்கலாம். வழக்கு நடத்துவது வேறு வேலை. தடை உத்தரவு மனுவில் மோத வேண்டும். எதிர்த்தரப்பு நிபுணரைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பேட்டன்ட்டே செல்லாது என்று எதிர்வழக்குப் போட்டு அதைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். நிறைய கேஸ்கள் தடை உத்தரவோடு சமரசத்தில் முடிந்துவிடும். எனவே வருஷக் கணக்கைக் கேட்காதீர்கள். "சாட்சி விசாரணை வரை நீங்கள் கொண்டுபோன பேட்டன்ட் கேஸ் எது சார்?" என்று கேளுங்கள். முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

தடை உத்தரவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓசூர் டிவிஎஸ் கதை. பைக் என்ஜினில் இரட்டை ஸ்பார்க் பிளக் விவகாரத்தில் பஜாஜ் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் டிவிஎஸ்ஸுக்கு எதிராகத் தடை வாங்கியது. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் (இரண்டு நீதிபதி அமர்வு) அதை நீக்கியது. அந்த என்ஜினில் வால்வு மூன்றா இரண்டா என்பது வரைக்கும் வாதம் போனது. கடைசியில் 2019-இல் சமரசம். உங்கள் கேஸிலும் ரோலர் எத்தனை, பல் எந்தக் கோணம் என்றுதான் சண்டை நடக்கும். பி.ஏ. படித்தவரானாலும் ஷெட்டுக்கு வந்து மெஷினைப் பிரிக்கச் சொல்லிப் பார்க்கிறாரா? அவர் எனக்குப் போதும்.

இன்னொன்று. 1978-இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு பாத்திர ஒர்க்ஷாப் கேஸ் போனது. பாத்திரத்தைக் கடையும்போது லேத்தில் பிடித்து நிறுத்தும் அமைப்புக்கு வாங்கிய பேட்டன்ட். ஒர்க்ஷாப்பில் வழக்கமாகச் செய்யும் சின்ன மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்று அது செல்லாமல் போனது. இந்தத் தீர்ப்பை நீங்கள் சொல்லாதீர்கள். மெஷினைப் பற்றி விவரித்ததும் அவராக எடுக்கிறாரா என்று கவனியுங்கள்.

பின்னணியைச் சரிபார்க்க வெப்சைட்டை நம்பாதீர்கள். நம் ஊரில் பார் கவுன்சில் விதி 36-இன்படி வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது. பெயர், முகவரி, படிப்பு, பதிவு எண், எந்தத் துறை என்கிற அளவில்தான் போடலாம். ஜெயித்த கேஸ் பட்டியல் போடுவதெல்லாம் அமெரிக்க வக்கீல்கள் வழக்கம். இங்கே ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடலாம். தீர்ப்புகளில் யாருக்காக யார் ஆஜர் என்று அச்சாகியிருக்கும், உட்கார்ந்து படியுங்கள். நோட்டீஸ் அனுப்பிய கம்பெனிக்கு அவர் எப்போதாவது ஆஜராகியிருக்கிறாரா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

மீனாட்சிபுரம் பொண்ணு:
எர்ணாகுளத்தில் ஜூனியராக இருக்கிறேன் அண்ணா. எல்லையில் இருப்பதால் உங்களுக்குக் கூடுதல் சிக்கல். ஒர்க்ஷாப் கேரளத்தில், விற்பனை பொள்ளாச்சியிலும். அவர்கள் பாலக்காட்டிலும் வழக்குப் போடலாம், கோவையிலும் போடலாம். பேட்டன்ட் செல்லாது என்று நீங்கள் எதிர்வழக்குப் போட்டால் பேட்டன்ட் சட்டம் 104-ஆம் பிரிவுப்படி கேஸ் உயர் நீதிமன்றத்துக்கு மாறும்: பாலக்காடு என்றால் எர்ணாகுளம், கோவை என்றால் சென்னை. எந்த ஊர் என்று தெரியாமல் முழு ஃபீஸும் பேசிவிடாதீர்கள். இப்போதைக்கு உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு வராதபடி இரண்டு ஊரிலும் கேவியட் போட்டு வையுங்கள். 90 நாள் வரைதான் நிற்கும்.

சென்னைக்காரர் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தில் பேட்டன்ட் ரத்து மனு நடத்தியவரா என்று கேளுங்கள். 2021-இல் அதைக் கலைக்கும்வரை அது சென்னையில்தான் இருந்தது. அங்கே பழகியவர்களுக்கு, இது புதுசில்லை என்று காட்டப் பழைய பேட்டன்ட்களைத் தோண்டி எடுக்கும் கை இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை ஒர்க்ஷாப்:
ரொம்ப நன்றி. நோட்டீஸை மறுபடி படித்தேன். அதில் பேட்டன்ட் நம்பர் இல்லை, விண்ணப்ப எண்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

கோவை ஏஜெண்ட்:
இல்லை! இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அந்த எண்ணைப் பேட்டன்ட் ஆபீஸ் தளத்தில் போட்டால் நிலவரம் தெரியும். வெளியாகிவிட்ட விண்ணப்பம் என்றால் பரிசோதகர் எழுப்பிய ஆட்சேபணையும் அவர்கள் கொடுத்த பதிலும்கூட இருக்கும். விண்ணப்பம் வெளியாகி, பேட்டன்ட் இன்னும் வழங்கப்படவில்லை என்றால் மீறல் வழக்கே போட முடியாது. வழங்குவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். விண்ணப்பித்த கம்பெனி நம் இரண்டு மாநிலத்தில் இருந்தால் சென்னை கிண்டி பேட்டன்ட் ஆபீஸ்தான்.

ரோலர் பல்லை நீங்கள் மாற்றியது அவர்கள் விண்ணப்பித்த தேதிக்கு முன்பா பின்பா என்பதுதான் இப்போது கேள்வி. அந்த மாடல் முதலில் விற்ற பில், டெலிவரி சலான், வாங்கிய தோப்புக்காரர் வைத்திருக்கும் ஃபோட்டோ, எதில் தேதி இருந்தாலும் எடுத்து வையுங்கள். வக்கீல் யாரானாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

வேலந்தாவளம் லேத்:
அந்த ரோலருக்கு நம்ம கடையில்தானே முதலில் பல் வெட்டினோம். ஜாப் ஒர்க் நோட்டு இருக்கு, தேடி எடுத்து வைக்கிறேன். நாளைக்குக் கடைக்கு வாங்க.